அட்டை விலை

அன்புள்ள சங்கமித்ராவுக்கு,

பழைய காமிக்ஸை முகர்ந்தே வருஷம் சொல்ல பெங்களூரில் உன் மாமாவை விட்டால் ஆள் கிடையாது. மெட்ராஸிலிருந்து பிளேனில் வந்து கேட்டுப்போகிறார்கள். சரி, பிளேன் இல்லை, பஸ்.

பிரேசர் டவுனில் பச்சைமுத்து என்று ஒருவர் முப்பது வருஷமாகக் காமிக்ஸ் சேர்க்கிறார். படிக்கிறவர்களுக்கு அட்டையில் அச்சடித்த விலைக்கே கொடுப்பார். அப்படி வாங்கியதை யாரும் விற்பதில்லை. எங்களுக்குள் அதுதான் முறை. நான் அவரிடம், "அக்கா பொண்ணு மஞ்சக்காமாலைல படுத்திருக்கு, படிக்கக் கேக்குது" என்றேன். அட்டை விலைகூட வாங்காமல் ஒரு கட்டு கொடுத்தார். அந்த வாரமே பத்து மடங்குக்கு விற்றுவிட்டேன்.

நேற்று மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா எப்படிப்பா இருக்கு? அதுல ஒண்ணுக்குக் கடைசிப் பக்கம் இல்ல. முடிவு தெரியாம தவிச்சிருக்குமே."

வேறொருவரிடம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி, அந்தப் பக்கத்தைக் கட்டம் கட்டமாகத் தன் கையாலேயே வரைந்து எடுத்து வந்திருந்தார். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அவருக்கு ஒரு கார்டு போடு. உடம்பு தேறிவிட்டது என்று எழுதாதே. உனக்குக் காமாலை வந்ததே இல்லை என்று எழுது. இவ்வளவு பேசுகிற என் வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் பெயரைச் சொல்லி வாங்கிய மாமா