கார் மூக்கில் பட்ட கற்பூரம்

சிங்கப்பூர்
14.9.1984

அன்பு மகன் வடிவேலுவுக்கு அம்மா தங்கம் எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நகோயாவில் நீயும் குளிர் வருமுன் கம்பளி வாங்கிக்கொண்டு நல்லபடியாக இருக்க வீரமாகாளி அம்மன் துணை. நான் சொல்லச் சொல்லச் சந்திரமதி எழுதுகிறாள், நடுவில் அவள் சேட்டை ஏதாவது நுழைந்திருந்தால் பொறுத்துக்கொள். (நுழையாது அண்ணே. மூக்கை நுழைக்கிற நிலைமையில் இந்த வீட்டில் யாரும் இல்லை. ஏன் என்று மேலே படி.)

நீயும் கோக் லியாங்கும் சம்சுன்னிசாவும் பாலிடெக்னிக் கண்காட்சிக்காக உலகத்திலேயே வேகமான கார் என்று ஒன்றை வரைந்தீர்களே, அதன் மாதிரி முடிந்துவிட்டது. நீ ஜப்பானுக்குப் படிக்கப் போன பிறகு அந்த இரண்டு பிள்ளைகளும் நம் கூடத்திலேயே உட்கார்ந்து டிவி பெட்டிக்குள் அடைத்து வருமே, அந்த வெள்ளை நுரைக்கட்டையை அறுத்து, ஒட்டி, மணல்தாள் போட்டுத் தேய்த்தார்கள், சோற்றுப் பானைக்குள்ளும் அந்தத் தூள்தான். கட்டில் நீளத்துக்கு வந்தது. (இன்ஜின் கிடையாது, ஆனாலும் அம்மாவின் பொறுமையைச் சீக்கிரமே தாண்டிவிட்டது.) மூக்கு நீ வரைந்தபடியே நீளம். கொஞ்சம் குறைக்கலாமா என்று அவர்கள் கேட்டதற்கு, மூக்கைத் தொட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நீ எழுதினாய், அவர்களும் தொடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதை அப்பா தன் லாரியில் ஏற்றிப் பாலிடெக்னிக்கில் இறக்குவதாக ஏற்பாடு. புது வண்டியைப் பூசை போடாமலா தெருவில் இறக்குவது என்று நம் அடுக்குமாடி புளோக் கீழே நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சக்கரம் சுற்றாதே, அதனால் கோக் லியாங் காரைத் தூக்கித் தூக்கிப் பழத்தின்மேல் வைத்தான். சம்சுன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத் தள்ளி நின்றாள். இருபது வருஷமாக ஆயுத பூசைக்கு லாரிக்குக் காட்டிய கை அல்லவா, அதே பழக்கத்தில் அப்பா கற்பூரத் தட்டை மூக்குக்குக் கிட்டவே கொண்டுபோனார். இரும்பு தாங்கும், நுரை தாங்குமா. சூட்டிலேயே மூக்கு உருகி உள்ளே சுருண்டுவிட்டது. (காருக்கு மூக்கு போனது, அப்பாவுக்கு மூக்கு உடைந்தது. இதை அங்கேயே சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.)

கோக் லியாங், "நெவர் மைண்ட் லா அங்கிள்" என்று அப்பா தோளைத் தொட்டான். சம்சுன்னிசா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். காரைத் திரும்ப மேலே கொண்டுவந்து கூடத்தில் வைத்திருக்கிறோம், அப்பா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கிறது, பரீட்சைக்கு நடுவில் நீள மூக்கை மறுபடி செய்ய முடியாதாம், உருகினதை வெட்டிக் குட்டையாகச் சீவினால் முடியுமாம். நீங்கள் கேட்டதும் அதுதானே, வெட்டுங்களேன் என்றேன். சம்சுன்னிசா, "அவன் இல்லாத நேரம் பாத்து வெட்டுனா நல்லாருக்காது ஆன்ட்டி. மூணு பேர் வண்டி, அவன் வாயால சொல்லட்டும்" என்றாள். கோக் லியாங் மட்டும், லாரிக் கதவில் இடித்துவிட்டது என்று எழுதச் சொன்னான், உனக்கு அப்பாமேல் கோபம் வரக்கூடாதாம். அப்பாதான், "நான் செஞ்சதை நான் செஞ்சேன்னே எழுது, தங்கம்" என்றார்.

ஐயா, நீ வரைந்தது காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது, கற்பூரம் அதைத் தொடாது. அவர்கள் உழைத்தது கையால். பெயரை எடுத்துவிடு என்று எழுதுவது சுலபம், அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டியபோது சம்சுன்னிசாவின் முகம் இருந்த இருப்பை நீ பார்க்கவில்லை. வெட்டு என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, நேராக அந்த இரண்டு பேருக்கும் தந்தி கொடு. அப்பாவைப் பற்றி என்ன தோன்றினாலும் அதை அப்பாவுக்கே எழுது, என் வழியாகச் சொல்லி அனுப்பாதே.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மீனைப் பச்சையாகத் தின்னாதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். தந்தி மறக்க வேண்டாம்.

இப்படிக்கு
உன் அம்மா
தங்கம்

(இங்கே அப்பா கையெழுத்துக்கு இடம் விட்டேன் அண்ணே. பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடிதத்தைத் தபாலில் போடுவது மட்டும் தன் வேலையாம், இப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். உறையை ஒட்டிவிடுகிறேன். சந்திரமதி.)