வலது கை உறைகள்

மார்ச் 3

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் முயல் கூடத்தில் தீனி வைத்தவரின் வீட்டுக்காரி எழுதுவது. எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் செத்த பிறகு, வேலை இடத்து அலமாரியில் இருந்த அவர் சாமான்கள் வந்து சேர்ந்தன. சாப்பாட்டு டப்பா, ஒரு பழைய சட்டை, ஒரு பாக்கெட் நோட்டு, ரப்பர் கையுறை ஆறு ஜோடி. இடது கை உறை ஆறும் நைந்து விரல் நுனி கிழிந்திருக்கின்றன. வலது கை உறை ஆறும் கடையில் வாங்கினபடியே இருக்கின்றன. மனுசன் ஒரு கையால்தான் வேலை பார்த்தாரா? அவர் வலது கையில் எப்போதும் கீறல் இருக்கும். கேட்டால் "கூண்டுக் கம்பி குத்திருச்சு, விடு" என்பார்.

இதற்கு மட்டும் பதில் போடுங்கள். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவர் மனைவி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிட்டுப் பழக்கம், அதனால் இப்படி எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எங்கள் ஆராய்ச்சியைப் பற்றி எளிதாகச் சொல்கிறேன். நாற்பது முயல்களுக்கும் கொழுப்புத் தீனி கொடுத்தோம். அதில் இருபதுக்கு மட்டும் தீனியோடு பதற்றத்தைத் தணிக்கும் மருந்தைச் சேர்த்தோம். மனசு அமைதியானால் இரத்தக் குழாயில் அடைப்பு குறைகிறதா என்று பார்க்கத்தான். கடைசியில் எல்லா முயல்களையும் மயக்கத்திலேயே முடித்து, குழாய்களைத் திறந்து பார்த்தோம். மருந்து சாப்பிட்டவற்றுக்கு அடைப்பு குறைவு. மருந்து சாப்பிடாதவற்றுக்கு அதிகம். ஒன்றைத் தவிர. பதினான்காம் நம்பருக்கு மருந்தே கொடுக்கவில்லை, ஆனால் குழாய் சுத்தமாக இருந்தது.

வெறுங்கையால் முயலைத் தொடக் கூடாது, தடவிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. தடவினால் மருந்து செய்ததா, கை செய்ததா என்று தெரியாமல் போய்விடும். அண்ணன் அந்தப் பதினான்கைத் தடவிக் கொடுத்தாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த நோட்டு எனக்கு வேண்டும், அண்ணி. பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
டாக்டர்


மார்ச் 19

டாக்டரம்மாவுக்கு,

அண்ணி என்று எழுதாதீர்கள். அவரோடு பகல் முழுக்க இருந்தது நீங்கள். ராத்திரி வந்து குறட்டை விட்டதுதான் என் பங்கு.

நோட்டை நான் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்தால் அவ்வளவுதான் ஓடும். அந்தப் பதினான்குக்கு அவர் வைத்த பேர் சீமாட்டி. இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியும் எனக்கு அவர் வைத்த பேர் "ஏய், இந்தா."

"இன்று சீமாட்டி பாதி தீனிதான் தின்றாள். முதுகைத் தடவினேன். மீதியையும் தின்றாள்." இப்படி எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கத்தில் "வீட்டில் சண்டை. சீமாட்டியிடம் சொன்னேன். காதை ஆட்டினாள்." நான் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோது வாசலில் நின்றே "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் இவர். முயலிடம் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார். வேலை முடிந்து அரை மணி நேரம் லேட்டாக வந்ததெல்லாம் இதற்குத்தான்.

செத்துப்போன முயலைப் பார்த்து வயிறெரிகிறவள் என்று சிரிக்காதீர்கள். எரிகிறது, என்ன செய்ய? அதற்குக் குழாய் சுத்தம். என் வீட்டுக்காரருக்கு மூன்று அடைப்பு என்று போஸ்ட்மார்ட்டத்தில் சொன்னார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டார், கண்டக்டர்தான் எழுப்பிப் பார்த்தார்.

நோட்டைத் தர மாட்டேன்.

அவர் மனைவி


மார்ச் 28

அன்புள்ள அம்மா,

நான் சிரிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களிடம் நோட்டைக் கேட்பது முறையில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவருக்கு நெஞ்சு வலி இருந்தது எனக்குத் தெரியும். ஜனவரியில் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். "வீட்ல சொல்லிடாதீங்கம்மா, அவ பயந்து சாப்பிடாம கெடப்பா" என்றார். பரிசோதனைக்கு நான்கு நாள் லீவு தேவைப்பட்டது. "நான் போய்ட்டா புது ஆள் வருவான். புது ஆளப் பாத்தா முயலுங்க மெரளும், ஒங்க கணக்கெல்லாம் கெட்டுப்போகும். பிப்ரவரி இருவதோட முடியுதில்ல? முடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

நான் சரி என்றேன். முயல்கள் மிரளக் கூடாது என்று எனக்கும் இருந்தது. அவர் போனது பன்னிரண்டாம் தேதி.

நோட்டைத் தருவதும் தராததும் உங்கள் இஷ்டம். அது இல்லாவிட்டால் மருந்து கொடுக்காமலே ஒரு முயல் அடைப்பிலிருந்து எப்படித் தப்பியது என்று எனக்குத் தெரியாது என்றே எழுதிவிடுகிறேன்.

டாக்டர்


ஏப்ரல் 9

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவர் சொன்னது சரிதான், பயந்தால் நான் சாப்பிட மாட்டேன். அதைக்கூட உங்களிடம்தான் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அவர் வலி தெரியும். முயலுக்கு அவர் கை தெரியும். எனக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்? உப்புக் கம்மியாகப் போட்டால் பிடிக்காது என்பது தெரியும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை நேற்றுத்தான் படித்தேன். பிப்ரவரி பதினொன்று. "நெஞ்சு அடைத்தது. சீமாட்டி முதுகில் கை வைத்து உட்கார்ந்தேன். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு அடங்கியது."

அந்த நேரத்துக்கு நான் வாசலில் நின்று, "எங்க ஊர் சுத்துறாரோ மகராசன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகு சும்மாதான் இருந்தது, டாக்டரம்மா.

நோட்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். கை செய்தது என்றே உங்கள் கணக்கில் எழுதுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம், அதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை. இனி எனக்குக் கடிதமும் வேண்டாம். உங்கள் மேல் கோபம் தீரும்போது தீரட்டும்.

இடது கை உறைகளை நான் வைத்துக்கொள்கிறேன், அவற்றில் அவர் வியர்வை இருக்கிறது. வலது கை உறைகள் ஆறையும் இந்தப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். அவர் கை அவற்றில் நுழையவே இல்லை, எனக்கு எதற்கு? புதிதாக வருகிற ஆளுக்குக் கொடுங்கள். கட்டாயம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

இப்படிக்கு,
ஏய் இந்தா