பாப்பா காலு நேரா வளருமா

அக்கா, ஷூ மாட்டிக்கிட்டே இதைப் பழைய போன்ல பேசி டைப் பண்றேன். நீ வந்து படிக்க, போனை அடுப்பு மேடையில வெச்சுட்டுப் போறேன். சாதம் குக்கர்ல இருக்கு. உன் பாப்பா தூங்குறா. கட்டு போட்ட காலைத் தலகாணி மேல தூக்கி வெச்சிருக்கேன், விரல் வீங்கியிருக்கான்னு மட்டும் பாரு.

"டாக்டர் அவரு பாஷையில அவ்ளோ நேரம் பேசினாரு, நீ தமிழ்ல ரெண்டே வரியில சொல்ற, என்னடா மறைக்கிற?"ன்னு நேத்து கேட்டியே. சத்தியமா எதையும் மறைக்கலக்கா. எலும்பு வளர்ற இடத்துலயே முறிஞ்சிருக்காம். கால் நேரா வளருமா, கோணிக்குமான்னு அவ வளர்ந்தாத்தான் தெரியும்னாரு. நானும் மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்துட்டேன். அவருக்கே தெரியாததை நான் தமிழ்ல என்னன்னு சொல்ல?

திங்கக்கிழமை மொழிபெயர்க்க வேற ஆள் வேணும்னு ஆஸ்பத்திரியில கேட்டிருக்கேன். நான் வெளியில உக்காந்துக்கறேன். அவங்க சொன்னாலாவது நம்பு.

இன்னொண்ணு. பாப்பாவும் என்கிட்ட இதையே கேட்டா. "நேரா வளரும், டாக்டரே சொன்னாரு"ன்னு சொல்லிட்டேன். அவகிட்ட மட்டும்தான்க்கா பொய் சொன்னேன். நீ மாத்திச் சொல்லிடாத.