பெரியப்பாவின் ஓசிப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. பேசினால் பெரியப்பாவுக்குக் கேட்டுவிடும் என்பதால் போனில் எழுதுகிறேன். உன் முதுகுவலி குறைந்ததா?

உன்னை உணவகத்திலிருந்து துரத்திய பெரியப்பா, உன் கத்தரிக்காய்ச் சோற்றை, அந்த மக்லூபாவை, தன் கைப்பக்குவம் என்று உணவகத்தின் முகநூல் பக்கத்தில் போடச் சொன்னார். "சொந்தமா இணையதளம் வைங்க பெரியப்பா," என்றேன்.

"போடி வாயாடி! ஓசியில பக்கம் இருக்கறப்ப அதெதுக்கு?" என்று அறைந்தார். இப்போது வலி இல்லை.

அந்தப் பக்கத்தைத் தொடங்கியது நான், கடவுச்சொல் என்னிடம்தான். இப்போது அதில் உன் படமும் உன் எண்ணும் இருக்கின்றன. நாளை வெள்ளிக்கிழமை ஆர்டரெல்லாம் உனக்கே வரும். அவர் அடுப்பு சும்மா எரியட்டும். அரிசியை ஊறவை. ஸர்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவிடு. எனக்கும் ஒரு தட்டு எடுத்து வை; இங்கே பெரியப்பா வீட்டில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

கதவைத் தட்டுகிறார். "ருலா! பக்கத்துல உங்கம்மா மூஞ்சி எப்படிடி வந்துச்சு?"

யார் கூப்பிட்டாலும் போனை எடு, அம்மா