வாய்க்கு வேலை இல்லாத வீடு

ஹவோட் வென் பண்ணை,
கோர்வென் அருகில், வேல்ஸ்,
ஜனவரி 21

அன்புள்ள கெத்தினுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நேற்றுப் போனில் நான் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். நீ வேலை பார்க்கும் ஃபாக்லாந்துத் தீவுக்குப் பேசினால் என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். உன் அப்பா பிழைத்துக்கொண்டார். அதை முதலில் படித்துக்கொள்.

வியாழக்கிழமை காலை கொட்டகையில் விழுந்து கிடந்தார். நான் போனபோது கண் திறந்துதான் இருந்தது. நம் நாய் மோட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அது தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டதே தவிர அசையவில்லை. உன் அப்பா வாழ்நாள் முழுக்க மனிதர்களோடு வெல்ஷிலும் நாய்களோடு இங்கிலீஷிலும் பேசியவர். அன்று நாயிடம் வெல்ஷில் பேசிக்கொண்டிருந்தார். உடனே ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஸ்ட்ரோக் என்றார்கள். நம் வேல்ஸ் பக்கத்தில் படுக்கை காலி இல்லாததால், எல்லை தாண்டி இங்கிலாந்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வலது கை கொஞ்சம் தொங்குகிறது. கால் பரவாயில்லை. ஆனால் கெத்தின், அவருக்கு இங்கிலீஷ் போய்விட்டது. ஒரு வார்த்தை மிச்சமில்லை. என்னைத் தெரிகிறது. என் பெயர் தெரிகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெல்ஷ். எனக்குத் தெரிந்தது டீ, ரொட்டி, மழை, கதவைச் சாத்து, நல்ல பொண்ணு. இதை வைத்துக்கொண்டு எவ்வளவு பேச முடியும்?

இளம் டாக்டர் ஒருவர் பார்க்கிறார். தன்மையானவர்தான். “குழறுகிறார், சொல்வதில் அர்த்தம் இல்லை” என்றார். அது வெல்ஷ் என்றேன். “அந்தப் பக்கம் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே?” என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நமக்குக் கல்யாணமான புதிதில் உன் அப்பாவிடம் நானும் இதையேதான் கேட்டேன். எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்போது இந்தப் பாஷைக்கு எதற்கு இத்தனை பாடு என்று. “உங்க ஊரு வுல்வர்ஹாம்ப்டன்ல எல்லாருக்கும் பஸ் இருக்கே, அப்புறம் உனக்கு எதுக்கும்மா காலு?” என்றார் அவர். உன் அம்மா இருந்த காலம் அது. அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். நாம் எல்லாரும் சிரித்தோம். பதினொரு வருஷம் ஓடிவிட்டது. நான் கற்றுக்கொள்ளவில்லை. நீயும் சொல்லித்தரவில்லை.

ஆடுகளைப் பக்கத்துப் பண்ணை ஹெவின் பார்த்துக்கொள்கிறான். நீ கவலைப்படாமல் வேலையைப் பார், சொன்னபடி மே மாதம் வந்தால் போதும். முடிந்தால் அப்பாவோடு பேசு. போனை நான் அவர் காதில் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
டெனிஸ்


பிப்ரவரி 9

அன்புள்ள கெத்தினுக்கு,

உன் வாழ்த்து அட்டை வந்தது. பென்குயின் படத்தை அப்பா படுக்கைக்கு எதிரில் ஒட்டிவைத்தேன். அதைப் பார்த்து ஏதோ சொன்னார். கிண்டல் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

போன வாரம் அவர் மனநிலையைச் சோதித்தார்கள். சுயமாக முடிவெடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காம். இது எந்த மாதம், நாம் எங்கே இருக்கிறோம், இந்தப் படத்தில் என்ன? எல்லாம் இங்கிலீஷில். அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். பூஜ்யம் போட்டுவிட்டார்கள். இனி இவர் எங்கே இருக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். இங்கிலாந்திலேயே, ஷ்ரூஸ்பரி தாண்டி ஒரு முதியோர் இல்லத்தின் பெயரும் சொன்னார். நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம். அங்கே உன் அப்பா யாரிடம் என்ன பேசுவார்?

மறுநாள் டீ வண்டி தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். புதிதாக அந்த வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு என்னவோ சொன்னார். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது கெத்தின். மூன்று வாரமாக ‘அர்த்தமில்லை’ என்று எல்லாரும் சொன்ன பேச்சுக்கு ஒரு மனுஷி சிரித்துவிட்டாள். என்ன சொன்னார் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். “இது டீயா, இல்ல ஆடு குளிப்பாட்டின தண்ணியான்னு கேக்கறாரு” என்றாள். எயர்லிஸ் என்று பேர். கோர்வெனுக்கு மேலே பிறந்தவள், கல்யாணமாகி இங்கிலாந்துப் பக்கம் போனவள்.

நான் அவளை அப்படியே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டீ கொடுப்பவர் சொல்வதைப் பதிவில் எழுத முடியாது என்றார் அவர். “அப்ப எழுதத் தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க. வர்ற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நான் இப்படியெல்லாம் பேசக்கூடியவள் என்று எனக்கே தெரியாது. நான்காம் நாள் எல்லைக்கு நம் பக்கமிருந்து பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். அதே கேள்விகளை வெல்ஷில் கேட்டார். மாதம் சரி, இடம் சரி. ஆட்டுப் படத்தைக் காட்டியபோது, “ஆடுதான். ஆனா என்ன ஜாதி ஆடு? வரைஞ்சவன் ஆட்டைப் பாத்திருக்கானா?” என்றாராம். புத்தியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். “அவர்கிட்ட கேளுங்க” என்றேன். போய்க் கேட்டார். அப்பா என்ன பதில் சொன்னார் என்பதை எயர்லிஸ் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். கீழ் அறையில் கட்டில் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் கோர்வென் நூலகத்தில் வெல்ஷ் வகுப்பு நடக்கிறது, பேர் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே.

அன்புடன்,
டெனிஸ்


மார்ச் 15

அன்புள்ள கெத்தினுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

அப்பா இப்போது வீட்டில் இல்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கோர்வெனில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அவராகக் கேட்டுப் போனார்.

இங்கே இருந்த மூன்று வாரத்தை உனக்கு எப்படிச் சொல்வது? நான் அவருக்குச் சட்டை மாட்டினேன், சூப் வைத்தேன், நடக்கக் கூட்டிப்போனேன். நாள் முழுவதும் வெல்ஷ் ரேடியோவை ஓடவிட்டேன். வகுப்பில் படித்ததைச் சொல்லிக் காட்டுவேன். “இன்று செவ்வாய். வெயில் அடிக்கிறது. என் பூனை கறுப்பு.” நம்மிடம் பூனையே இல்லை. அவர் பொறுமையாகத் திருத்துவார். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. அவர் ஏதாவது நீளமாகச் சொல்ல ஆரம்பிப்பார், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, “டீ” என்று முடித்துவிடுவார். ஒரு நாளைக்கு எட்டு டீ போட்டேன். அவர் குடித்தது இரண்டுதான்.

போன மாதக் கடைசி ஞாயிறு நீ அவரோடு வெல்ஷில் பேசினாய். போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். உன் குரல் வெளியே நன்றாகக் கேட்கும், அது உனக்குத் தெரியாதோ என்னவோ. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்கு மாதங்களின் பெயர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மே என்றாய். வரவில்லை என்றாய். இன்னும் இரண்டு வருஷம் என்றாய். என் பெயரைச் சொல்லி, அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றாய். அப்பா, “நீயே சொல்லு” என்றார். அதுவும் எனக்குப் புரிந்தது. போனை வைத்த பிறகு நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குப் புரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானும் டீ போடப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

அந்த வியாழக்கிழமை சமூக நலத் துறையிலிருந்து லோரி என்ற பெண் வந்தாள். நன்றாக வெல்ஷ் பேசுகிறவள். எங்கே இருக்க ஆசை என்று அவரிடமே கேட்டாள். இப்படி அவரை அவர் பாஷையில் கேட்க வேண்டும் என்றுதான் நான் அத்தனை சண்டை போட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். லோரி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இவ என்னை ராஜா மாதிரி பாத்துக்கறா. ஆனா இந்த வீட்ல என் வாய்க்கு வேலை இல்ல. அந்த இல்லத்துல எமிர்னு ஒரு கிழவன் இருக்கான். ஒரு கிடா விஷயமா நாப்பது வருஷமா அவனோட சண்டை. அதை முடிக்கணும்.”

அதோடு நிற்கவில்லை. இன்னும் ஒன்று சொன்னார். லோரி எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். வேண்டாம், புரிந்துவிட்டது என்றேன். “எனக்காக இவ இங்க உக்காந்திருக்க வேணாம். அவளுக்கு எங்க போகணுமோ போகட்டும்.”

எனக்கு எங்கே போக வேண்டும், கெத்தின்?

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். நடையிலேயே அவர் குரல் கேட்டது. கத்துகிறார், எமிர் பதிலுக்குக் கத்துகிறார், நடுவில் யாரோ சிரிக்கிறார்கள். இந்தப் பதினொரு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் நானும் உட்கார்ந்தால் எல்லாரும் எனக்காக இங்கிலீஷுக்கு மாறிவிடுவீர்கள், அப்போது அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அது அவர் சுபாவம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கொண்டுபோன கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மூன்றில் ஒரு பங்கு புரிந்தது. கிடா எமிருடையதுதான் போலிருக்கிறது.

உள்ளே போனதும் அப்பா என்னை எமிருக்கு அறிமுகம் செய்துவைத்தார். “என் மகள்” என்றார். மருமகள் என்ற வார்த்தை மறந்து அப்படிச் சொன்னாரோ என்று சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

ஹெவின் காலையில் வந்து ஆடுகளைப் பார்த்துவிட்டுப் போகிறான். இதுவரை முப்பத்திரண்டு குட்டிகள் பிறந்திருக்கின்றன. மழை விடவில்லை. ரேடியோவை நான் அணைக்கவில்லை. நான் இந்த வீட்டில் இருக்கிறேன். வுல்வர்ஹாம்ப்டனுக்குப் போய்விட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நீ எனக்கு இங்கிலீஷில் எழுதுவதெல்லாம் நல்ல செய்தியாகவே இருக்கிறது. வேலை நன்றாகப் போகிறது, சாப்பாடு பரவாயில்லை, சீக்கிரம் பார்க்கலாம். உன் அப்பாவிடம் நீ பேசுவது வேறு மாதிரி இருக்கிறது. இனிமேல் எனக்கும் வெல்ஷிலேயே எழுது. வருகிறேன் என்றாலும் எழுது, வரவில்லை என்றாலும் எழுது. பெரிய அகராதி ஒன்று வாங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து படித்துக்கொள்வேன்.

அங்கே தென்கோடியில் குளிர்காலம் வரப்போகிறது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்,
டெனிஸ்