முந்நூறு மீட்டரில் சுட்டுப் பார்க்காத தோட்டா

அன்பு மகன் மணிமாறனுக்கு, இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அல் ஐன் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தாமரை எழுதுகிறாள். அவள் ஸ்கூட்டி பழகி முருங்கை மரத்தில் மோதினாள், அதை எழுத மாட்டேன் என்றாள், எழுத வைத்தேன். போனில் பேசினால் டியூட்டி என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் லீவு முடிந்து இன்று அங்கே திரும்பும் பாண்டித்துரை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குவைத் சண்டை ஓய்ந்து எண்ணெய்க் கிணற்றுப் புகை கலைந்த வருஷம், நீ அம்மா வயிற்றில் இருந்தாய். நானும் அப்போது ஓர் அரபியின் சுடும் மைதானத்தில்தான் இருந்தேன், உன்னைப் போல ரூமில் உட்கார்ந்து தோட்டாவுக்கு மருந்து அடைக்கிற வேலை இல்லை, மண்மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் நின்று குறிப்பலகையை ஏற்றி இறக்குகிற வேலை. கூட பக்கத்து ஊர் கார்மேகமும் குல்ஜமான் என்கிற பெஷாவர் பட்டாணியும். கார்மேகம் வாயாடி, அரபிக்குக் குறி தப்பினால், இந்த ஆளுக்கு ஒட்டகத்தையே கட்டி வைத்தாலும் படாது பாய் என்பான், குல்ஜமான் சிரித்துச் சிரித்து இருமுவான். ஒருநாள் புதிதாக அடைத்த தோட்டா வந்தது, குண்டு கனம் கூட. துப்பாக்கி ஸ்கோப் பழைய தோட்டாவுக்கு வைத்தது. நூறு மீட்டரில் சுட்டுப் பார்த்தார்கள், வழக்கமான இடத்துக்கு ஒரு விரல் கீழே, அவ்வளவுதான். கலாஸ், போதும் என்று ஸ்கோப் திருகைப் பழைய தோட்டாவின் முந்நூறு மீட்டர் கோட்டுக்கே திருப்பிச் சுட்டார்கள். கனத்த குண்டு தூரம் போகப் போகத் தாழ்ந்து, பலகைக்கு வராமல் மேட்டு உச்சியில் கிடந்த கல்லில் பட்டுச் சிதறிப் பள்ளத்துக்குள் இறங்கியது. கார்மேகம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், முடிக்கவில்லை.

நேற்று போனில் நீ, புதுசா வந்த கனத்த குண்டும் நூறு மீட்டர்ல பழைய இடத்துலதான்ப்பா விழுது, சனிக்கிழமை முதலாளி கஃபீலோட மகன் சுட வர்றார், இப்ப போய் ஸ்கோப்பை மாத்தச் சொன்னா போர்மேன் கத்துவார் என்றாய். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். அடைத்தவன் நீ, குண்டு மாறியது தெரிந்தவனும் நீ, பள்ளத்தில் நிற்கப்போகிறவனுக்கு அது தெரியாது. ஆள் யாரும் உள்ளே இல்லாமல் இருநூறிலும் முந்நூறிலும் சுட்டு, திருகைப் புதிதாகப் பொருத்தாமல் ஒரு தோட்டாவும் உன் மேசையை விட்டுப் போகக் கூடாது. மாஃபி, முடியாது என்று போர்மேனிடம் சொல்லிவிடு. விசாவை கேன்சல் பண்ணி அனுப்பினால் வந்துவிடு, சாப்பாட்டுக்கு இங்கே பஞ்சமில்லை.

நீ நீடூழி இருக்க வேண்டும், உன் கையால் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. சனிக்கிழமை விடிவதற்குள், சொல்லிவிட்டேன் அப்பா என்று போன் பண்ணு, மறக்காதே. குல்ஜமானும் போன ரம்ஜானுக்கு முன்னால் பெஷாவரில் இறந்துவிட்டானாம், அவன் மகன் சொன்னான். அந்தப் பள்ளத்தில் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன்,

உன் அப்பா
அம்மையப்பன்