வாய்க்காலில் ஒரு சமையலறை

5.8.2024

புதுக்கோட்டையில் மனு கொடுத்தாயிற்று. பன்னிரண்டு வருடமாக ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. வரத்து வாய்க்கால் இருந்த இடமே தெரியாமல் கட்டிவிட்டார்கள். கண்மாய்க் குழுவில் தமிழ் டீச்சர் நான் ஒருத்திதான். அதனால் மனுவை எழுதியதும் நான். 'ஆக்கிரமித்தவர் எவராயினும் பாரபட்சமின்றி அகற்ற வேண்டும்.' அந்த வரி எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்.

21.8.2024

சர்வேயர் வந்தார். அளவுச் சங்கிலி முதலில் பக்கத்து வீட்டு இருளாண்டியின் மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்தது. அவர் கத்தினார். நான் சட்டம் பேசினேன். அப்படியே அளந்துகொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார் சர்வேயர். தாகமாக இருக்கும் என்று டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நாம நிக்கிறதே வாய்க்கால்லதாங்க."

நின்றது என் சமையலறையில்.

22.8.2024

என் வீட்டுக்காரர் ஞானமணி காலையிலிருந்து கேட்பது ஒரே கேள்வி. "மனு எழுதுனது யாரு?"

26.8.2024

குழுத் தலைவர் முத்துராமன் வந்தார். "ஒங்க வீட்டுக்கிட்ட மட்டும் வாய்க்கால லேசா வளைச்சிருவோம் டீச்சர்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சரி என்று சொல்லத்தான் ஆசை.

28.8.2024

வளைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்று நடந்து பார்த்தேன். பின்தெருப் பொற்கொடி வீட்டு வாசலுக்குப் போகும். "வாங்க டீச்சர், என்ன இங்கிட்டு?" என்றாள். சும்மாதான் என்றேன். அங்கிருந்து நேரே முத்துராமனிடம் போய், வளைக்க வேண்டாம் என்றேன்.

வீட்டில் சொன்னேன். ஞானமணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

7.9.2024

சமையலறையை இடித்தாயிற்று. இருளாண்டி கடப்பாரையோடு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். "ஓட்ட ஒடைச்சிராதீங்கப்பா, டீச்சருக்கு ஆகும்" என்று கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுக்கினார். சாயங்காலம் தன் கொட்டகையைத் தானே பிரித்தார்.

பதினோரு வருஷம் ஆக்கிப்போட்ட எடம். நானே எழுதிக் குடுத்து — என்னத்தச் சொல்ல.

19.10.2024

காலையிலிருந்து மழை. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர், எங்கள் படுக்கையறைச் சுவரை உரசிக்கொண்டு கண்மாய்க்குப் போகிறது. ஞானமணி குடை பிடித்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து தலையைத் துவட்டினார்.

"இன்னும் ரெண்டடி சேத்து இடிச்சிருக்கலாம்" என்றார்.